வானவில், கரும்பு, கறுப்பு–சிவப்பு: பிரேசில் வடகிழக்கின் மாநிலக் கொடிகள்

ஜனவரி 8, காலை 10.40 (கேள்வி)

2022 கத்தார் உலகக்கோப்பை சமயத்துச் செய்தி ஒன்று இப்போதான் கண்ணில் பட்டது. லுசைல் மைதானத்துப் பக்கம் ஒரு பிரேசில் பத்திரிகையாளர் கையில் இருந்த கொடியில் வானவில் இருந்ததாம். தன்பாலினத்தவர் கொடி என்று நினைத்துப் பிடுங்கிவிட்டார்களாம். கடைசியில் அது பெர்னாம்புகோ என்ற மாநிலத்தின் கொடி. உலகக்கோப்பைக்கு நாட்டுக்கொடியை விட்டுட்டு மாநிலக் கொடியை யாராவது தூக்கிட்டுப் போவாங்களா? என்னைக் கேட்டால் மாநிலக் கொடி என்பதே அரசு அலுவலக வாசலுக்கு ஒரு தோரணம். சின்னங்களுக்கு அர்த்தமெல்லாம் பிறகு யாரோ உட்கார்ந்து எழுதிச் சேர்ப்பது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 8, இரவு 9.15

பெர்னாம்புகோக்காரன் தூக்கிட்டுப் போவான். உலகக்கோப்பை என்ன, கடைக்குத் தேங்காய் வாங்கப் போனாலும் தோளில் போட்டுக்கொண்டு போகிற ஆட்கள்.

கொடி எப்படி இருக்கும்னா: மேலே கருநீலம், கீழே வெள்ளை. நீலத்துல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மூணு நிற வானவில். அதுக்கு மேல ஒரு நட்சத்திரம், வளைவுக்கு அடியில சூரியன். வெள்ளைப் பகுதியில ஒரு சிவப்புச் சிலுவை. பிறகு உட்கார்ந்து எழுதின அர்த்தம்னு சொல்ல முடியாது, ஏன்னா இந்தக் கொடி பிறந்ததே 1817 புரட்சியில. மார்ச் 6 அன்னைக்கு தலைநகரம் ரெசிஃபியில கலகம் வெடிச்சது. போர்ச்சுகல் மன்னர் அப்போ ரியோவில உட்கார்ந்திருக்கார். நெப்போலியனுக்குப் பயந்து 1808-ல அரசவையோட கப்பலேறி வந்தவர். அந்த அரசவையோட ஆடம்பரச் செலவுக்கு வடகிழக்குக் கரும்பும் பருத்தியும் வரி கட்டிக்கிட்டே இருந்தது. இதுக்கு மேல பொறுக்க முடியாதுன்னு பாதிரிகளும், படை அதிகாரிகளும், வியாபாரிகளும் சேர்ந்து குடியரசு அறிவிச்சுட்டாங்க. இரண்டரை மாசம் தாக்குப் பிடிச்சது.

அந்த இரண்டரை மாசத்துக்குள்ள கொடி வரைஞ்சு, ஏப்ரல்ல அதுக்கு ஆசீர்வாதமும் பண்ணிட்டாங்க. வானவில்னா சமாதானம், நட்பு, ஒற்றுமை. புது யுகத்தோட தொடக்கம்னும் சொல்வாங்க. ஒருத்தரை ஒருத்தர் 'தேசபக்தரே'ன்னுதான் கூப்பிட்டுக்கணும்னு வழக்கம் வந்தது. போர்ச்சுகல்லேர்ந்து வர்ற திராட்சை மதுவை ஒதுக்கிட்டு உள்ளூர்க் கரும்புச் சாராயம் கஷாசாவைத்தான் விருந்துல ஊத்தினாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பி ஆயுதம் கேட்டாங்க. போனவர் அங்கே, செயின்ட் ஹெலினாவுல அடைபட்டுக் கிடந்த நெப்போலியனைத் தப்பிக்க வைக்கிற திட்டம் போட்டிருந்த பிரெஞ்சுக்காரங்களோட சேர்ந்துட்டார். கதையை யாராவது சினிமாவுக்கு எழுதினா "ரொம்ப ஓவர்"னு திருப்பி அனுப்பிடுவாங்க.

மே மாசம் எல்லாம் முடிஞ்சது. தலைவர்களைத் தூக்குல போட்டாங்க, சுட்டாங்க. கொடி நூறு வருஷம் பெட்டிக்குள்ள கிடந்தது. 1917-ல, நூற்றாண்டு வந்தப்போ, மானுவல் போர்பா ஆளுநரா இருந்த காலத்துல அதையே மாநிலக் கொடியா எடுத்துக்கிட்டாங்க.

ஜனவரி 8, இரவு 9.50

ஒண்ணு விட்டுப்போச்சு. 1817 கொடியில நட்சத்திரம் ஒண்ணு இல்லை, மூணு: பெர்னாம்புகோ, பரைபா, ரியோ கிராண்டி டோ நோர்ட்டி. பக்கத்து மாகாணங்கள் சேரச் சேர நட்சத்திரம் கூட்டிக்கலாம்னு எண்ணம். இப்போ இருக்கிற ஒத்தை நட்சத்திரம் பெர்னாம்புகோ மட்டும்தான். இந்த விவரம் தெரிஞ்ச பிறகு அந்தக் கொடியைப் பார்த்தா கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு.

ஜனவரி 9

"அப்போ தன்பாலினத்தவர் கொடி இவங்களைப் பார்த்துத்தான் வந்ததா?" இல்லை சார். அது 1978-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல கில்பர்ட் பேக்கர் உருவாக்கினது, அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெரு நாட்டு குஸ்கோ நகரத்துக்கும் இதே தலைவலி உண்டு. அங்கே கொடி முழுக்க ஏழு நிறப் பட்டை, அதுவும் 1978-லதான் நகரச் சின்னமாச்சு. இன்கா பேரரசோட கொடின்னு சுற்றுலாக் கடைகள்ல விற்பாங்க. இன்காக்களுக்குக் கொடின்னு ஒண்ணே கிடையாதுன்னு பெரு நாட்டு வரலாற்றறிஞர்களே சொல்லிட்டாங்க. கடைசியில 2021-ல நடுவுல ஒரு தங்கச் சூரியனை வச்சுட்டாங்க, இனிமே யாரும் குழப்பிக்க வேண்டாம்னு.

நான் வடகிழக்கு பிரேசிலை விட்டு வெளியே போகப்போறதில்லை. எனக்குத் தெரிஞ்சது அந்தக் கடற்கரைதான்.

ஜனவரி 10

எப்படித் தெரியும்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சரக்குக் கப்பல்ல எஞ்சின் ரூம்ல வேலை. சர்க்கரை ஏத்தறதுக்கு ரெசிஃபி, மசெயோ ரெண்டு துறைமுகத்துக்கும் போயிருக்கேன். சர்க்கரை ஏத்தும்போது ஒரு தூத்தல் விழுந்தா போதும், ஹேட்ச் மூடியை இழுத்து மூடிடணும், நனைஞ்சா சரக்கு காலி. அந்தக் கடற்கரையில மழைக்காலம்னா மூடறதும் திறக்கறதுமாவே நாள் போகும். மேல்தளத்து ஆட்களுக்கு எரிச்சல், எங்களுக்கு ஊர் சுத்த நேரம்.

ரெசிஃபியில முதல்ல கண்ணுல பட்டது அந்தக் கொடிதான். சட்டை, பை, குளியல் துண்டு, பீங்கான் கோப்பை, நாய்க் கழுத்துப்பட்டை வரைக்கும். ஒரு பழக்கடைக்காரர் தர்ப்பூசணி வண்டிக்குத் தார்ப்பாயா அதையே கட்டியிருந்தார். வெயில் பட்ட பக்கம் நீலம் வெளுத்துச் சாம்பலாயிருந்தது, மடிப்புக்குள்ள மட்டும் கருநீலம் அப்படியே. இதை நம்ம ஊர்ல தேசியக் கொடிக்குச் செஞ்சா கேஸ் போட்டுடுவாங்க. அவர்கிட்ட அரைகுறை போர்ச்சுகீஸ்ல கேட்டேன், இப்படிக் கட்டலாமான்னு. "எங்க கொடி"ன்னார், அவ்வளவுதான்.

அங்கேர்ந்து மசெயோ. அது அலகோவாஸ் மாநிலத் தலைநகரம். சிவப்பு–வெள்ளை–நீலம்னு மூணு செங்குத்துப் பட்டை, நடுவுல முத்திரை, முத்திரைக்கு ரெண்டு பக்கமும் கரும்பு ஒண்ணு பருத்தி ஒண்ணு. உள்ளே மீன்கள்கூட உண்டு, அந்த ஊர்க் காயல்களைக் குறிக்க. அழகான கொடிதான். அரசுக் கட்டடத்துல பார்த்தேன். வேற எங்கேயும் பார்க்கலை, ஒரு சாவிக்கொத்துல கூட.

அப்போதான் மண்டையில ஒரு எண்ணம் விழுந்தது: விளைச்சல் பட்டியல் போட்ட கொடி தூங்குது, சண்டை போட்ட கொடி முழிச்சிருக்கு. கேள்வி கேட்டவர் தோரணம்னு சொன்னது பாதிக் கொடிகளுக்குப் பொருந்தும். மீதிப் பாதியைத்தான் பேசணும்.

(அலகோவாஸே பெர்னாம்புகோவுலேர்ந்து வெட்டி எடுத்த துண்டுதான். 1817 கலகத்துக்குத் தண்டனையா அதே வருஷம் செப்டம்பர்ல மன்னர் பிரிச்சார். இதை மசெயோவுல பேச வேண்டாம். நாங்க தண்டனைக்குப் பிறந்த பிள்ளைங்க இல்லைம்பாங்க.)

ஜனவரி 13

1825-ல இதே தேதியிலதான் ஃப்ரே கனேகாவைச் சுட்டாங்க. 1817-ல சிறைக்குப் போய்த் திரும்பின துறவி. 1824-ல மறுபடி ஒரு கலகம், 'பூமத்தியரேகைக் கூட்டமைப்பு'ன்னு. அப்போ பிரேசில் சுதந்திரம் வாங்கியாச்சு, எதிரி மாறிட்டார், பேரரசர் முதலாம் பெட்ரோ. தூக்குத் தண்டனைன்னுதான் தீர்ப்பு. தூக்குல போட ஒருத்தனும் முன்வரலை. பிடிச்சு இழுத்து வந்த கைதிகள்கூட முடியாதுன்னுட்டாங்க. வேற வழியில்லாம ரெசிஃபியில ஒரு கோட்டைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டாங்க. இந்தத் தடவை தண்டனையா சாவ் ஃபிரான்சிஸ்கோ ஆத்துக்கு மேற்கே இருந்த நிலம் பூரா போச்சு. அது இப்போ பஹியா மாநிலத்தோட இருக்கு.

ரெண்டு கலகம், ரெண்டு தடவை நில இழப்பு. அந்தக் கோபம் தர்ப்பூசணி வண்டி வரைக்கும் வந்திருக்குன்னா ஆச்சரியமில்லை.

ஜனவரி 15

பரைபாவைப் பத்திக் கேட்டிருந்தீங்க. இதை அவசரமில்லாம சொல்றேன், இந்த இழையிலேயே சரியான கொடி இதுதான்.

மூணுல ஒரு பங்கு கறுப்பு, ரெண்டு பங்கு சிவப்பு. சிவப்புல வெள்ளை எழுத்துல ஒரே ஒரு சொல்: 'நேகோ'. 'மறுக்கிறேன்'னு அர்த்தம். கரும்பு இல்லை, சூரியன் இல்லை, மீன் இல்லை. கொடியிலேயே முடியாதுன்னு எழுதி வச்சிருக்கிற மாநிலம்.

1929-ல பிரேசில் அதிபர் வாஷிங்டன் லூயிஸ் தனக்கு அடுத்து சாவ் பாவ்லோக்காரரான ஜூலியோ பிரெஸ்டெஸ்தான்னு முடிவு பண்ணி, மாநிலத் தலைவர்கள்கிட்ட ஆதரவு கேட்டார். பரைபாவை ஆண்ட ஜோவாவ் பெசோவா மறுத்தார். எதிர்த்து அதிபர் பதவிக்கு நின்ன கெட்டூலியோ வர்காஸோட சேர்ந்து துணை அதிபர் பதவிக்கு நின்னார். 1930 மார்ச்ல ரெண்டு பேரும் தோத்தாங்க.

அதோட முடிஞ்சிருந்தா கொடி கிடையாது. அதே நேரத்துல பரைபா உள்நாட்டுல பிரின்செசான்னு ஒரு ஊர். அங்கே ஒரு பெரிய நிலக்கிழார் அரசாங்கத்தை எதிர்த்து ஆள் திரட்டி, தன் ஊரைச் சுதந்திர மண்டலம்னு அறிவிச்சு அதுக்குத் தனிக்கொடியும் தனிப்பாட்டும் வச்சுக்கிட்டார். (கொடிப் பைத்தியம் அந்த ஊர் மண்ணுலயே இருக்கு.) அவரோட ஆதரவாளர், வழக்கறிஞர் ஜோவாவ் டான்டாஸ். ஆயுதம் தேடுறோம்னு போலீஸ் அவர் இருப்பிடத்துல புகுந்தது. ஆயுதத்துக்குப் பதிலா அவரோட அந்தரங்கக் கடிதங்கள் கிடைச்சது. அனைடே பெய்ரிஸ்ங்கற ஆசிரியை, கவிஞர், அவங்களோட எழுதிக்கிட்ட காதல் கடிதங்கள். விஷயம் ஊர் வாய்க்குப் போச்சு. ஜூலை 26, ரெசிஃபியில ஒரு பலகாரக் கடையில பெசோவா உட்கார்ந்திருந்தப்போ டான்டாஸ் உள்ளே போய்ச் சுட்டுட்டார்.

நாடே பத்திக்கிட்டது. அது அரசியல் கொலைன்னு பேரணி பேரணியா உடல் ரியோவுக்குப் போச்சு. அக்டோபர்ல புரட்சி, நவம்பர்ல வர்காஸ் ஆட்சி. டான்டாஸ் அந்த அக்டோபர்லயே சிறைக்குள்ள செத்துக்கிடந்தார். அனைடே விஷம் குடிச்சு இறந்தாங்க, அதே மாசம். பரைபா சட்டமன்றம் செப்டம்பர்ல ரெண்டு வேலை செஞ்சது: தலைநகரத்துக்கே ஜோவாவ் பெசோவான்னு பேர் மாத்திச்சு, இந்தக் கொடியைச் சட்டமாக்கிச்சு. கறுப்பு துக்கத்துக்கு. சிவப்பு அவர் நின்ன கூட்டணிக்கு, ரத்தத்துக்குன்னும் சொல்வாங்க.

கபெடெலோ துறைமுகத்துல எங்களைக் கார்ல கூட்டிப்போன ஒருத்தர் அந்த ஊர்க்காரர். கொடியை மாத்தணும்னு நினைக்கிற கட்சி. "துக்கம் எத்தனை தலைமுறைக்கு? அந்தப் பொண்ணுக்கு ஒரு கோடு கூட இல்லையே கொடியில"ன்னார். கார்க் கண்ணாடியில தொங்கின குட்டிக் கொடி அதே கறுப்பு–சிவப்புதான். கேட்டதுக்குச் சிரிச்சார். மாத்துற வரைக்கும் இதுதானே எங்க கொடின்னார். ஊர்ப் பேரையும் கொடியையும் மாத்தணும், கூடாதுன்னு அங்கே இன்னமும் வாக்குவாதம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

ஜனவரி 15, இரவு

மேலே எழுதினதைப் படிச்சுட்டு இதையும் சேர்க்கணும்னு தோணுது. அந்தக் கொலையோட அலையில ஏறித்தான் வர்காஸ் ஆட்சிக்கு வந்தார். 1937 நவம்பர்ல சர்வாதிகாரம் அறிவிச்சப்போ அவர் கொண்டுவந்த அரசியல் சட்டத்தோட 2-ஆவது பிரிவு என்ன தெரியுமா? தேசியக் கொடி, பாட்டு, முத்திரை தவிர நாட்டுல வேற கொடி, வேற பாட்டு, வேற முத்திரை கிடையாது. ரியோ கடற்கரையோரம் விழா எடுத்து, மாணவர் கூட்டம், இசை எல்லாம் வச்சு, மாநிலக் கொடிகளை ஒவ்வொண்ணா நெருப்புல போட்டாங்க. தன்னோட துணை வேட்பாளருக்கு வச்ச துக்கக் கொடிக்கும் அதே தடைதான். 1946 அரசியல் சட்டம் வந்த பிறகுதான் மாநிலங்களுக்குக் கொடி திரும்பக் கிடைச்சது.

தோரணத்தை யாரும் விழா எடுத்து எரிக்க மாட்டாங்க.

ஜனவரி 17

"உங்க தத்துவம் சியாராகிட்ட உதைக்குதே"ன்னு ஒருத்தர். ஆமா, அங்கே கொஞ்சம் யோசிக்கணும். சியாரா கொடி தேசியக் கொடி மாதிரியே பச்சையில மஞ்சள் சாய்சதுரம். நடு வட்டத்துல கலங்கரை விளக்கம், கார்நவுபா பனை, கடல், ஜங்காடா. பட்டியல் கொடிதான். ஜங்காடான்னா நம்ம கட்டுமரத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி, கட்டைகளைச் சேர்த்துக் கட்டி முக்கோணப் பாய் போட்டது.

ஆனா அந்த ஜங்காடாவுக்குள்ள ஒரு பெரிய கலகம் ஒளிஞ்சிருக்கு. அந்தக் காலத்துல சியாரா தலைநகரம் ஃபோர்டலேசாவுல கப்பல் கரைக்கு வர முடியாது, ஆழம் போதாது. வெளியே நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கும் ஆளும் ஜங்காடாவுலதான் போய்ச் சேரணும். அடிமைகளைத் தெற்கே காப்பித் தோட்டங்களுக்கு விக்கறதும் அப்படித்தான். 1881-ல ஜங்காடாக்காரங்க வேலைநிறுத்தம் பண்ணாங்க: இனி இந்தத் துறையில அடிமை ஏத்த மாட்டோம். அவங்க தலைவர்களில் ஒருத்தர் ஃபிரான்சிஸ்கோ ஜோசே டோ நாசிமென்டோ. 'கடல் டிராகன்'னு பட்டப்பேரே வந்துடுச்சு. 1884 மார்ச் 25-ல சியாரா அடிமை முறையை ஒழிச்சது, நாடு ஒழிச்சதுக்கு நாலு வருஷம் முன்னாடி.

கொடியில பாய்மரம் இருக்கு, வேலைநிறுத்தம் இல்லை. பார்க்கிறவனுக்கு மீன்பிடிப்புன்னுதான் தோணும். அப்போ என் கணக்குல இது தூங்கற கொடியா, முழிச்சிருக்கிற கொடியா? கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருக்கு, தூங்கலை. இதுக்கு மேல என்னால தீர்ப்புச் சொல்ல முடியலை.

ஜனவரி 18

பஹியா: வெள்ளை–சிவப்புப் பட்டைகள், மூலையில நீலச் சதுரத்துல வெள்ளை முக்கோணம். அமெரிக்கக் கொடிச் சாயல் அப்பட்டமா தெரியும். ஆனா அந்த மூணு நிறத்துக்கும், பஹியா தலைநகரம் சால்வடோர்ல போர்ச்சுகல் ஆட்சிக்கு எதிரா 1798-ல நடந்த சதியோட உறவு உண்டு. தையற்காரர் கலகம்னு பேர் வந்ததுக்குக் காரணம், அதுல இருந்தவங்க தையற்காரங்க, சிப்பாய்ங்க, பெரும்பாலும் கறுப்பர், கலப்பினத்தவர். சமத்துவம் வேணும்னு சுவரொட்டி ஒட்டினாங்க. சதியில பணக்காரங்க, படிச்சவங்களும் உண்டு. 1799 நவம்பர் 8 அன்னைக்குத் தூக்குல தொங்கினது நாலு பேர். ரெண்டு தையற்காரர், ரெண்டு சிப்பாய். பணக்காரன் ஒருத்தன் இல்லை. 2011-லதான் அந்த நாலு பேரையும் நாட்டு வீரர்கள் ஏட்டுல சேர்த்தாங்க.

மரன்யாவ் கொடி வேற ரகம்: சிவப்பு, வெள்ளை, கறுப்புப் பட்டைகள். சோசாண்ட்ராடேங்கற கவிஞர் 1889-ல வரைஞ்சது. மூணு இனமும் கலந்த மக்கள்னு பொருள். அடிமை முறை ஒழிஞ்சு அடுத்த வருஷமே கறுப்பைக் கொடியில வச்சிருக்கார். கவிஞன் கவிஞன்தான்.

ஜனவரி 20

இது ஜாதகப் பிரியர்களுக்கு. பிரேசில் தேசியக் கொடியில இருக்கிற ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு மாநிலம் (தலைநகர் மாவட்டமும் சேர்த்து 1992-லேர்ந்து 27). கண்டபடி தூவினது இல்லை, 1889 நவம்பர் 15 காலை ரியோ வானம். வடகிழக்கு மாநிலங்கள்ல பஹியா தவிர மத்த எட்டும் விருச்சிகத்துக்குள்ள இருக்கு. பியாவி மாநிலத்துக்குக் கேட்டை. ரியோ கிராண்டி டோ நோர்ட்டிக்குத் தேள் கொடுக்கு, அதாவது மூலம். கோயாஸ் மாநிலத்துக்கு அகத்தியரே கிடைச்சிருக்கார், அது வடகிழக்கு இல்லைன்னாலும் சொல்லாம இருக்க முடியலை.

பெண் மூலம் நிர்மூலம்னு நம்ம ஊர்ல எத்தனை பொண்ணுங்களைக் கல்யாணமில்லாம உட்கார வச்சிருக்கோம். அந்த மூல நட்சத்திர மாநிலத்துலதான் பிரேசில்லயே முதல்ல, 1927-ல, பெண்களுக்கு ஓட்டு கிடைச்சது. 1928-ல அல்சிரா சொரியானோ அங்கே லாஜெஸ் ஊருக்கு மேயரா ஜெயிச்சாங்க, லத்தீன் அமெரிக்காவுலயே முதல் பெண் மேயர். மாநிலக் கொடியில என்ன இருக்குன்னு பார்த்தா தென்னை, கார்நவுபா, கரும்பு, பருத்தி, ஜங்காடா. சந்தைக்குப் போற பட்டியல்.

ஜனவரி 22

பியாவி கொடியில கேட்டை நட்சத்திரத்துக்கு அடியில ஒரு தேதி எழுதியிருக்கும்: 13 மார்ச் 1823. இது 2005-ல சேர்த்தது. சுதந்திரப் போர் சமயம், அன்னைக்கு ஜெனிபாப்போ ஆத்தங்கரையில, மாடு மேய்க்கிறவங்களும் விவசாயிகளும் அரிவாளும் கத்தியுமா மேஜர் ஃபிடியேவோட போர்ச்சுகீசியப் படையை மறிச்சாங்க. எதிரே பீரங்கி. சண்டையில தோத்தாங்க, ஏகப்பட்ட பேர் செத்தாங்க. ஆனா படையோட மூட்டை முடிச்சு, தளவாடம் எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிட்டாங்க. சாமான் இல்லாத படை தலைநகரத்துக்குத் திரும்பப் போகாம மரன்யாவ் பக்கம் திரும்பிடுச்சு. தோத்த சண்டையோட தேதியைக் கொடியில போட்டுக்க ஒரு தில் வேணும். அதுவும் 182 வருஷம் கழிச்சு.

ஜனவரி 22, பின்னிரவு

செர்ஜிப்பியை விட்டுட்டீங்கன்னு குறைப்பட்டிருக்கார் கேள்வி கேட்ட நண்பர். நீங்க கேட்ட தோரணமும் இல்லை, நான் சொன்ன கலகமும் இல்லை இது. ஒரு வியாபாரி தன் கப்பல்கள் எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு மத்த துறைமுகத்துல தெரியட்டும்னு பச்சை–மஞ்சள் பட்டையும் நீல மூலையும் போட்டுப் பறக்கவிட்ட கொடி. ஜனங்க அதையே ஊர்க்கொடின்னு நினைக்க ஆரம்பிச்சாங்க, 1920-ல அரசாங்கம் சட்டமாக்கிடுச்சு. மூலையில இருக்கிற அஞ்சு நட்சத்திரமும் அஞ்சு ஆத்து முகத்துவாரம். கப்பல்காரன் வேற எதை வரைவான்?